செயற்கை நுண்ணறிவும் நம் கல்வியும் – ஒரு வரலாற்று நோக்கு

நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நாளில் கல்வியுலகில் ஒரு புதிய கருவி புகுந்துள்ளது. கேட்ட வினாவுக்கு மனிதர் எழுதுவது போலவே விடையெழுதித் தரும் கணிப்பொறி, இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள்ளேயே வந்து அமர்ந்திருக்கிறது. அது கட்டுரை எழுதுகிறது, கணக்குப் போடுகிறது, மொழிபெயர்க்கிறது, படமும் வரைகிறது. ஆக்கவல்ல செயற்கை நுண்ணறிவு என்று இதனை அறிஞர் வழங்குவர். இதனைக் கண்டு அஞ்சுவோரும் உளர். இனி ஆசிரியரே வேண்டாம் என்று கொண்டாடுவோரும் உளர். எழுத்தறிவு தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டு, அண்மைக் காலத்தில்தான் பள்ளி வாயிலை மிதித்த சமுதாயத்தினராகிய நாம், இவ்விரு கூச்சலுக்கும் செவி சாய்த்தல் தகாது. இக்கருவி எவ்வாறு தோன்றியது, கல்வியிலும் ஆராய்ச்சியிலும் அது விளைத்து வரும் மாறுதல்கள் யாவை, அவற்றால் நாம் பெறக்கூடியதும் இழக்கக்கூடியதும் என்ன என்பவற்றை வரலாற்றுக் கண்கொண்டு காண வேண்டும். அதற்கான சிறு முயற்சியே இக்கட்டுரை.

தோற்றமும் வளர்ச்சியும்

எந்திரம் சிந்திக்க இயலுமா என்னும் வினாவை 1950-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆலன் டியூரிங் ஓர் ஆய்விதழில் எழுப்பினார். முதிர்ந்த மனிதனின் மூளையை எந்திரத்தில் அமைக்க முயல்வதைக் காட்டிலும், ஒரு குழந்தையின் மூளை போன்றதை அமைத்து, அதற்குக் கல்வி புகட்டலாமே என்று அவர் அக்கட்டுரையில் கருதினார். எந்திரத்துக்கும் கல்வி வேண்டும் என்னும் எண்ணம் இத்துறையின் தொடக்கத்திலேயே இருந்தது என்பது இதனால் விளங்கும். 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கூடிய அறிஞர்கள், ஜான் மெக்கார்த்தி சூட்டிய செயற்கை நுண்ணறிவு என்னும் பெயரை இத்துறைக்கு நிலைபெறச் செய்தனர்.

1966-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், எலைசா என்னும் உரையாடும் நிரலைப் பற்றி எழுதி வெளியிட்டார். உளநல மருத்துவர் நோயாளியிடம் பேசுவது போல, சொன்னதையே வினாவாகத் திருப்பிக் கேட்பது அதன் வேலை. அதற்கு வேறு அறிவு ஏதும் இல்லை. ஆயினும் மக்கள் அதனிடம் மனம் திறந்து பேசத் தொடங்கினர். நிரல் உருவான விதத்தை அறிந்திருந்த அவருடைய செயலாளரே, தாம் அதனோடு தனித்துப் பேச வேண்டும், அறையை விட்டு வெளியேறுக என்று அவரைக் கேட்டுக்கொண்டாராம். இந்நிகழ்ச்சி வைசன்பாமை உலுக்கியது. நாஜிக் கொடுமை தலைவிரித்தாடிய ஜெர்மனியிலிருந்து 1936-இல் சிறுவனாக வெளியேறிய யூதர் அவர். கணக்கிடும் ஆற்றல் வேறு, நன்மை தீமை சீர்தூக்கும் ஆற்றல் வேறு; பின்னதை எந்திரத்திடம் ஒப்படைக்கலாகாது என்று 1976-இல் ஒரு நூலே எழுதி எச்சரித்தார்.

இன்றைய கருவிகளுக்கு அடித்தளமான முறையைக் கூகுள் நிறுவனத்தைச் சார்ந்த எண்மர் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களுள் அசீஷ் வாஸ்வானி, நிகி பர்மார் என்னும் இந்தியர் இருவரும் அடங்குவர். இம்முறையின் சாரம் இதுதான்: கோடிக்கணக்கான பக்கங்களைக் கணிப்பொறிக்கு ஊட்டி, ஒரு தொடரில் அடுத்து வரத்தக்க சொல் அல்லது சொல்லின் துண்டு எது என்று கணிக்கப் பழக்குவது. மேலும் மேலும் பழக்கப் பழக, அதன் நடை மனித நடையாகவே அமைந்துவிடுகிறது. 2020-இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட ஜிபிடி-3 என்னும் அமைப்பில், பயிற்சியின்போது திருத்தியமைக்கப்பட்ட எண்மதிப்புகள் மட்டும் 17,500 கோடி. 2022 நவம்பர் 30-ஆம் நாள் அந்நிறுவனம் சாட்ஜிபிடியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அன்று முதல் ஆய்வுக்கூடத்துப் பொருள் வீதிக்கு வந்தது.

ஒன்றை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். இக்கருவி அடிப்படையில் பொருத்தமான சொல்லைத் தேடுகிறதேயன்றி உண்மையைத் தேடவில்லை. அண்மைக் காலத்தில் வலைத்தளங்களைத் துருவிப் பார்த்து விடை கூறும் திறன் அதற்குச் சேர்க்கப்பட்டுள்ளது. எனினும் பிழை ஒழிந்தபாடில்லை. சரியான விடையையும் தவறான விடையையும் ஒரே குரலில், ஒரே துணிவோடு அது சொல்லும்.

தனியாசிரியர் என்னும் பழைய கனவு

எந்திரத்தைக் கொண்டு கற்பிக்கும் முயற்சி இன்று தோன்றியதன்று. அமெரிக்காவில் சிட்னி பிரெஸ்ஸி 1920-களிலேயே தேர்வு வினாக்களைக் காட்டி விடையைச் சரிபார்க்கும் பொறி ஒன்றை அமைத்தார். உளவியலறிஞர் ஸ்கின்னர் 1954-இல் தம் பயிற்று எந்திரத்தைப் பற்றி எழுதினார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960-இல் பிளேட்டோ என்னும் கணிப்பொறி வழிக் கல்வி தொடங்கிற்று. ஒவ்வொரு முறையும் வகுப்பறை அடியோடு மாறிவிடும் என்று முழங்கினர். வகுப்பறை அவ்வாறு மாறவில்லை.

ஆயினும் இம்முயற்சிகளுக்குப் பின்னால் ஓர் உண்மையான தேவை இருந்தது. 1984-ஆம் ஆண்டில் கல்வியறிஞர் பெஞ்சமின் புளூம், தனியாசிரியரிடம் பயின்ற மாணவரின் சராசரி நிலை, வகுப்பில் கூட்டமாகப் பயின்றோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றெண்மரின் நிலையை விஞ்சியது என்று எழுதினார். பின்வந்த ஆய்வுகள் இத்துணைப் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. எனினும் தனிப்பயிற்சி பயன் தரும் என்பதை எவரும் மறுக்கவில்லை.

இதன் பொருள் நமக்குப் புதிதன்று. படித்த பெற்றோர் உள்ள வீட்டில் தாயோ தந்தையோ அருகில் அமர்ந்து ஐயம் தீர்ப்பர். பொருள் உள்ள வீட்டில் தனி வகுப்புக்கு அனுப்புவர். கூலி வேலை முடித்து இருட்டிய பின் திரும்பும் பெற்றோரின் பிள்ளை, பாடத்தில் ஒரு வரி விளங்காவிடில் அதனை அப்படியே விட்டுவிட்டு உறங்கச் செல்கிறது. பள்ளிக் கட்டணம் நீங்கிய பிறகும், உதவித்தொகை வந்த பிறகும் நீங்காத வேற்றுமை இது. இரவு பத்து மணிக்கும் சலிப்பின்றி, ஏளனமின்றி, எத்தனை முறை கேட்பினும் சினமின்றி விளக்கும் ஒரு கருவி, அந்தப் பிள்ளைக்கு வாய்க்குமாயின் அது சிறிய பேறன்று. சாதியை மனத்திற்கொண்டு முகம் சுளிக்கும் ஆசிரியரிடம் ஐயம் கேட்க அஞ்சிய தலைமுறையினருக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

பள்ளிகளில் விளைந்தவை

சாட்ஜிபிடி வெளிவந்த சில வாரங்களிலேயே, 2023 சனவரியில், நியூயார்க் நகரக் கல்வித் துறை தன் பள்ளிகளின் கணிப்பொறிகளில் அதனைத் தடை செய்தது. அவ்வாண்டு மே மாதத்திலேயே அத்தடையை விலக்கிக் கொண்டது. செப்டம்பரில் யுனெஸ்கோ கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, வகுப்பறைப் பயன்பாட்டுக்குக் குறைந்தது 13 வயது என்னும் வரம்பு வேண்டும் என்று அரசுகளுக்குப் பரிந்துரைத்தது.

தடையும் அனுமதியும் மாறி மாறி வந்த இக்காலத்தில் நடைபெற்ற ஆய்வுகள் இரண்டு நம் கருத்துக்கு உரியன.

முதலாவது துருக்கி நாட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நிகழ்ந்தது. ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை மூன்று பிரிவாக்கிக் கணிதப் பயிற்சி அளித்தனர். ஒரு பிரிவுக்குப் புத்தகமும் குறிப்பேடும் மட்டும். இரண்டாம் பிரிவுக்குக் கேட்ட விடையைத் தரும் கருவி. மூன்றாம் பிரிவுக்கு, ஆசிரியர் வகுத்த குறிப்புகளைக் கொண்டு, விடையைச் சொல்லாமல் வழியை மட்டும் காட்டும் கருவி. பயிற்சியின்போது புத்தகப் பிரிவைவிட இரண்டாம் பிரிவினர் 48 விழுக்காடும், மூன்றாம் பிரிவினர் 127 விழுக்காடும் மிகுதியாகச் செய்தனர். பின்னர்க் கருவியை எடுத்துக்கொண்டு தேர்வு வைத்தனர். விடையை வாங்கிப் பழகிய இரண்டாம் பிரிவினர், புத்தகம் மட்டும் படித்தோரைவிட 17 விழுக்காடு தாழ்ந்தனர். வழிகாட்டுதல் பெற்ற மூன்றாம் பிரிவினருக்கு இவ்வீழ்ச்சி பெரும்பாலும் நேரவில்லை. தாழ்ந்தவர்களோ, தாம் குறைவாகக் கற்றதையே உணரவில்லை என்பது இவ்வாய்வின் மற்றொரு முடிவு.

இரண்டாவது நைஜீரியாவின் பெனின் நகரத்தில் 2024-ஆம் ஆண்டு உலக வங்கியினர் நடத்தியது. பள்ளி முடிந்த பின் ஆறு வாரம், மாணவர்கள் இருவர் இருவராகக் கணிப்பொறி முன் அமர்ந்து ஆங்கிலம் பயின்றனர். ஆசிரியர் உடனிருந்து, எதைக் கேட்பது, வந்த விடையை எவ்வாறு நோக்குவது என்று வழிகாட்டினார். அவ்வகுப்பில் சேராத மாணவரைவிட இவர்கள் தேர்வில் தெளிவாக முன்னேறியிருந்தனர்.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குவோர்க்கு உண்மை விளங்கும். துருக்கியில் வசதி இருந்தும் விடையை இரவல் பெற்றவர்கள் நலிந்தனர். நைஜீரியாவில் வசதி குறைந்திருந்தும் ஆசிரியரின் துணையோடு பயின்றவர்கள் வளர்ந்தனர். முயற்சி மாணவனுடையதாக இருக்கும்வரை கருவி துணையாகிறது. முயற்சியையே கருவியிடம் ஒப்படைக்குமிடத்து அறிவு வளர்வதில்லை.

ஐயத்துக்கு ஆளாகும் எளியோர்

மாணவர் எழுதியது தாமே எழுதியதா, எந்திரம் எழுதியதா என்று கண்டறிவதாகச் சொல்லிக்கொண்டு வேறு சில நிரல்களும் விற்பனைக்கு வந்தன. 2023-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தகைய நிரல்கள் ஏழினைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்கள் தம் கைப்பட எழுதிய 91 தேர்வுக் கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை எந்திரம் எழுதியவை என்று அந்நிரல்கள் தீர்ப்புக் கூறின. அமெரிக்கப் பள்ளி மாணவரின் கட்டுரைகளை அவை பெரும்பாலும் சரியாகவே இனங்கண்டன. காரணம் எளிது: இரண்டாம் மொழியில் எழுதுவோர் பழகிய சொற்களையே மீண்டும் மீண்டும் கையாள்வர், அந்த எளிமையே எந்திரத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. ஓப்பன்ஏஐ நிறுவனமும் தான் வெளியிட்ட இத்தகைய நிரலைத் துல்லியமின்மை காரணமாக அவ்வாண்டு சூலையில் திரும்பப் பெற்றது.

கிராமத்துப் பள்ளியில் தமிழ்வழி பயின்று, கல்லூரியில் முட்டி மோதி ஆங்கிலம் கற்கும் நம் இளைஞன், நன்றாக எழுதினாலே இது உன்னுடையது தானா என்று கேட்கப்படுவது முன்பும் உண்டு. அந்த ஐயத்துக்கு இப்போது எந்திரத்தின் சான்றும் கிடைத்திருக்கிறது. ஆகவே நம் மாணவர் தம் கட்டுரையின் முதற்படியையும் திருத்தப்படிகளையும் குறிப்பேட்டையும் பாதுகாத்து வைத்தல் நலம். குற்றம் சாட்டுவோர் முன் அவையே சாட்சி சொல்லும்.

ஆராய்ச்சித் துறையில்

ஆராய்ச்சியில் இத்தொழில்நுட்பம் சாதித்தவை பல. ஆல்பாஃபோல்டு என்னும் அமைப்பு நாம் பேசும் உரையாடற் கருவி அன்றெனினும் அதே குடும்பத்தைச் சார்ந்தது. ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவை ஆய்வுக்கூடத்தில் கண்டறியப் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள் ஆகும். அவ்வடிவைக் கணித்துச் சொல்லும் இவ்வமைப்பு, 2022-ஆம் ஆண்டுக்குள் இருபது கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்பை எவரும் விலையின்றிப் பெறும்படி வெளியிட்டது. இதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோர் 2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத சிறு நகரத்துக் கல்லூரி மாணவரும் இன்று அக்களஞ்சியத்தைத் திறந்து பார்க்கலாம்.

மறுபக்கமும் உண்டு. 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் அறிவியல் எழுத்துக்கென்றே கேலக்டிகா என்னும் கருவியை வெளியிட்டது. அது பொய்யான செய்திகளை அறிவியல் நடையில் அழகாக எழுதித் தருவதைக் கண்டு அறிஞர்கள் கண்டனம் எழுப்பவே, மூன்றே நாளில் நிறுவனம் அதனை விலக்கிக் கொண்டது. 2023 சூனில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி கற்பனை செய்து தந்த, உலகில் எங்கும் நடவாத வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதித்தது. நேச்சர், சயன்ஸ் ஆகிய ஆய்விதழ்கள், பொறுப்பேற்க இயலாத எந்திரத்தை ஆசிரியராகக் குறிப்பிடலாகாது என்று 2023 சனவரியில் அறிவித்தன.

பொறுப்பு என்னும் இச்சொல் நமக்கு மிக முதன்மையானது. 1928-ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர், பம்பாய் மாகாணத்துத் தாழ்த்தப்பட்டோரின் கல்வி நிலை பற்றிய அறிக்கை ஒன்றைச் சைமன் குழுவிடம் அளித்தார். அரசினரின் பழைய கல்வி அறிக்கைகளைத் தோண்டியெடுத்து, அவர்களின் எண்களைக் கொண்டே அவர்களின் புறக்கணிப்பை அவர் மெய்ப்பித்தார். அவ்வறிக்கையில் ஓர் எண் பொய்யாக இருந்திருப்பின், எதிர்ப்போர் அந்த ஒன்றையே பற்றிக்கொண்டு முழு வழக்கையும் தள்ளியிருப்பர். வலியோர் பிழை செய்தால் மன்னிக்கப்படுவர். எளியோரின் பிழை அவர்தம் கோரிக்கையையே அழித்துவிடும். பஞ்சமி நிலம் பற்றி மனு எழுதும் இளைஞனும், உதவித்தொகை பற்றிய ஆய்வேடு எழுதும் மாணவியும், எந்திரம் தந்த அரசாணை எண்ணையும் ஆண்டையும் மூல ஆவணத்தோடு ஒப்பிடாமல் ஒருபோதும் எடுத்தாளலாகாது.

எந்திரம் படித்த ஏடுகள்

எந்திரம் எதைப் படித்ததோ அதையே பேசும். ஜிபிடி-3 பயின்ற எழுத்துகளில், சொற்கணக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 93 பங்கு ஆங்கிலம். தமிழின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் மிகக் குறைவு. தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களைவிட மிகுதியான துண்டுகளாகச் சிதைக்கப்பட்டே இவ்வகைக் கருவிகளுள் செல்கின்றன. ஆதலின் அதே செய்திக்குக் கூடுதல் காலமும் செலவும் ஆகின்றன. இக்குறையைப் போக்கச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து ஏஐ4பாரத் ஆய்வுக்குழு, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் மொழிபெயர்ப்புக் கருவியை 2023-இல் வெளியிட்டது பாராட்டத்தக்கது.

மொழியோடு மனப்பான்மையும் வருகிறது. 2023-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இத்தகைய கருவிகள் பலவற்றைச் சோதித்து, மேலை நாட்டார் கவலைப்படும் நிறவேற்றுமை முதலியவற்றில் அவை காட்டிய சாய்வைவிட, சாதி, சமயம் பற்றி இந்தியச் சமுதாயத்தில் வழங்கும் இழிந்த எண்ணங்களை மிகுதியாக எதிரொலித்ததைக் காட்டிற்று. நிறவெறிச் சொல்லை நீக்க மேலை நாட்டில் குரல் கொடுக்க ஆள் இருந்தனர். சாதிவெறிச் சொல்லை இன்னதென்று எடுத்துக்காட்ட அங்கே போதிய ஆள் இல்லை. அவ்விடத்தில் நம்மவர் இருக்க வேண்டும்.

மற்றொன்றும் நம் நெஞ்சைத் தொடுவது. எந்திரத்தின் பேச்சு தூய்மையாக இருக்க வேண்டி, வன்கொடுமையும் ஆபாசமும் நிறைந்த பகுதிகளைப் படித்து அடையாளமிடும் வேலை கென்யா நாட்டுத் தொழிலாளர்க்குத் தரப்பட்டது. அவர்கள் பெற்ற கூலி மணிக்கு 2 டாலருக்கும் குறைவு என்று 2023 சனவரியில் டைம் இதழ் வெளிப்படுத்தியது. பிறர் அழுக்கை அள்ளும் தொழிலைச் சிலர் தலையில் கட்டும் வழக்கத்தை நன்கறிந்த நாம், இப்புதிய கருவியின் பளபளப்புக்குப் பின்னுள்ள அக்கைகளை மறத்தல் ஆகாது.

எழுதப்படாததும், எழுதியும் கிடைக்காமற் போனதும் எந்திரத்துக்கு இல்லாதவையே. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கி, 1914-இல் மறையும்வரை நடத்திய தமிழன் இதழை எண்ணிப் பார்ப்போம். வாரந்தோறும் வரலாறும் சமயமும் அரசியலும் எழுதிக் குவித்த அப்பெருமகனாரின் எழுத்துகள், பல பதின்ம ஆண்டுகள் பொது வாசகர்க்கு எட்டாமலே கிடந்தன. ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து 1999-இல் நூலாக வெளிவந்த பின்னரே பல்கலைக்கழகங்கள் அவரைப் பரவலாகப் பயிலத் தொடங்கின. தொகுப்பார் இன்றேல் ஒரு பேரறிஞரே இல்லாதவர் ஆகிவிடுவார் எனின், நம் ஊர்களில் முதல் பள்ளி கட்டியவர், முதல் பட்டம் பெற்றவர், கூலி உயர்வு கேட்டுச் சிறை சென்றவர் ஆகியோரின் கதி என்ன? அவர்களைப் பற்றி எந்திரத்திடம் கேட்டால் அது ஒன்றும் சொல்லாது. அன்றிக் கற்பனையாக ஒன்றைச் சொல்லும். பின்னது மேலும் கேடு.

நாம் செய்ய வேண்டுவன

இவ்வரலாற்றிலிருந்து நம் சங்கம் மேற்கொள்ளத்தக்க பணிகள் மூன்று உள.

முதலாவது, மாலை வகுப்புகளில் இக்கருவியை விலக்காமலும் விட்டேற்றியாக விடாமலும் ஆசிரியர் முன்னிலையில் பயன்படுத்துதல். கணக்கை முதலில் தாளில் தானே போட்டுப் பார்த்த பிறகே மாணவன் கருவியிடம் செல்லட்டும். விடையைக் கேளாமல் தான் தவறிய இடத்தைக் கேட்கட்டும். மறுநாள் கருவியின்றி அக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டட்டும்.

இரண்டாவது, நூலகத்தை வலுப்படுத்துதல். எந்திரம் சொன்னதைச் சரிபார்க்க நூலும் அரசாணைத் தொகுப்பும் அகராதியும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லையெனில், சரிபார்க்க வேண்டும் என்று அறிவுரை கூறுவதில் பயனில்லை.

மூன்றாவது, நம் வரலாற்றை நாமே தொகுத்தல். ஒவ்வொரு ஊரிலும் முதியோரின் வாய்மொழியைப் பதிவு செய்க. பழைய துண்டறிக்கை, நிழற்படம், பள்ளிப் பதிவேடு ஆகியவற்றைப் படியெடுத்துக் காக்க. நாளும் இடமும் பெயரும் பிழையின்றி எழுதுக. அவற்றை அச்சிலும் வலைத்தளத்திலும் வைப்போமாயின், நாளை நம்மைப் பற்றி வினவுவோர்க்கு நம் சொல்லே விடையாக அமையும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் மட்டுமே தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றி உலகுக்கு வழங்கியது. பெரும் பொருளின்றியும் இது இயலும் என்பதற்கு அதுவே சான்று.

இளைஞர்களே, எழுதுகோலைப் பிடிக்கும் உரிமைக்காக நம் முன்னோர் அடியும் உதையும் பட்டனர். அவ்வெழுதுகோலைக் கையிலிருந்து பறிப்பார் இன்று எவரும் இலர். சோம்பலால் நாமே அதனைக் கீழே வைத்துவிடாமல் இருத்தல் வேண்டும். கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள், அதன் உள்ளமைப்பைப் பயின்று, அதனை ஆக்குவோர் வரிசையிலும் சென்று அமருங்கள். சங்கத்தின் பொன் விழா மலரில் இதே பொருள் பற்றி எழுதப்போகும் கை உங்களுள் ஒருவருடையதாக இருக்கட்டும். அதற்கான முதற்பணியாக, வரும் ஞாயிறன்று உங்கள் தெருவின் மூத்தவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் பள்ளிக்குச் சென்ற கதையைக் கேட்டு எழுதிச் சங்க நூலகத்தில் சேர்ப்பிப்பீர்களாக.